பை தீருமுன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



மௌலிது மஜ்லிஸுக்குப் பிறகு நமது சங்கத்தில் நான் பேசியதை எழுதித் தரும்படி செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் ஆலிம் அல்ல. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்கப்புறம் ஊர் மதரஸாவில் சில வருஷம் ஓதினேன். பிறகு கப்பலேறாத குறையாக இங்கே வந்து, சிராங்கூன் சாலைப் பக்கத்துத் துணிக்கடையில் கஜக்கோலும் கையுமாக நின்றே காலம் போய்விட்டது. ஹஜ்ரத்மார்களிடம் காதால் கேட்டதையும், கடையில் கண்ணால் கண்டதையும் தவிர என்னிடம் வேறு சரக்கு இல்லை. பிழை இருந்தால் ஆலிம் பெருமக்கள் திருத்தட்டும்.

வெளிநாடு சென்று படிக்கிற நம் பிள்ளைகளுக்காக ஒரு ஞாபகார்த்த உபகாரச் சம்பளம் ஏற்படுத்த வேண்டும் என்று நமது அங்கத்தினர்கள் சிலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். மறைந்த பெற்றோர்களின் பெயரால் ஆளுக்கொரு தொகை போட்டு நிதி சேர்ப்பது என்பது ஏற்பாடு. நல்ல காரியம். எவ்வளவு போடுவது, யார் போடுவது என்று எல்லோரும் பேசினார்கள். எப்படிக் கொடுப்பது என்று மட்டும் ஒருவரும் பேசவில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சொல்லக் கொஞ்சம் வெட்கமான கதை அது.

நம் ஊரில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. மலாய்ச் சகோதரர்கள் 'லெம்பாகா பியாசிஸ்வா கெனாங்கான் மவ்லுத்' என்று சொல்லும் ஸ்தாபனத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்தநாள் ஞாபகார்த்தக் கல்வி நிதி வாரியம் என்பது அதன் பொருள். 1965ல் ஏற்பட்டது. அதற்கு முந்திய வருஷம், 1964 ஜூலை 21ல், இதே சிங்கப்பூரில் மீலாது ஊர்வலம் போன அன்று கலவரம் மூண்டு 23 பேர் மாண்டார்கள். ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். பெரியவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார்கள். அடுத்த வருஷம், சிங்கப்பூர் தனி நாடான அதே வருஷம், நாயகத்தின் பிறந்தநாள் நினைவாக ஏழை மாணாக்கர் படிப்புக்கென்று இப்படி ஒரு நிதி பிறந்தது. ஒன்றினால் மற்றொன்று வந்தது என்று நான் சாதிக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

அந்தப் பெயரில் எனக்கு ரொம்பவும் பிடித்தது 'பியாசிஸ்வா' என்ற சொல். 'சிஸ்வா' என்பது மாணாக்கர். நம்முடைய சிஷ்யன்தான் அங்கே போய் சிஸ்வாவாக உட்கார்ந்திருக்கிறான். முன்னால் உள்ள 'பியா' செலவைக் குறிக்கும் என்று ஒரு மலாய் ஆசிரியர் எனக்கு விளக்கினார். ஆக அச்சொல்லுக்கு வெகுமதி என்றோ தருமம் என்றோ அர்த்தம் இல்லை. படிக்கிறவனுடைய செலவு, அவ்வளவே. கடைக்காரனுக்கு இது சட்டென்று விளங்கும். மின்சாரக் கட்டணம் கட்டிவிட்டு அந்தக் கம்பெனி நமக்கு நன்றி சொல்லவில்லையே என்று யாராவது ஏங்குகிறோமா?

ஞாபகார்த்தம் என்பதைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது? ஒரு மனிதன் இறந்துவிட்டால் அவனுடைய அமல்களின் கணக்கு மூடப்படுகிறது, மூன்று வழியைத் தவிர: நிலைத்து ஓடிக்கொண்டிருக்கும் தருமம், பிறருக்குப் பயன்படும் கல்வி, அவனுக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை. இது முஸ்லிம் ஷரீஃபில் வரும் ஹதீஸின் கருத்து. நம் ஹஜ்ரத்மார்கள் மய்யித்து வீட்டில் தவறாமல் சொல்வது. தகப்பன் பெயரால் ஒரு பிள்ளையின் படிப்புக்குக் கொடுத்தால் இந்த மூன்றும் ஒரே பைக்குள் வந்து விழுந்துவிடுகின்றன. வேறெந்தச் சரக்கிலும் ஒரு முதலுக்கு மூன்று லாபம் நான் கண்டதில்லை.

கத்தம் ஓதி நாலு பேருக்குச் சோறு போடுவதை நான் குறை சொல்லவில்லை. எனக்கே அந்தச் சோறு பிடிக்கும். ஆனால் சோறு அன்றைக்கு அஸருக்குள் ஜீரணமாகிவிடும். நிலைத்து ஓடுவது எது?

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்கு கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிட உயர்ந்த சொத்து தமக்கு என்றுமே வாய்த்ததில்லை என்றும், அதை என்ன செய்யலாம் என்றும் நாயகம் (ஸல்) அவர்களிடம் போய்க் கேட்டார்கள். நிலத்தை அப்படியே நிறுத்தி வைத்து, அதன் விளைச்சலைத் தருமம் செய்யும்படி நாயகம் வழி காட்டினார்கள். நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகப் போகாது, வாரிசுக்கும் இறங்காது. விளைச்சல் ஏழைகளுக்கும், உறவினர்களுக்கும், அடிமைகளை விடுவிப்பதற்கும், அல்லாஹ்வின் பாதைக்கும், வழிப்போக்கருக்கும், விருந்தினருக்கும். நிர்வகிப்பவர் நியாயமான அளவு அதிலிருந்து உண்டுகொள்ளலாம், பணம் சேர்த்துக்கொள்ளக் கூடாது. முதலைத் தொடாதே, வரவைக் கொடு என்ற இந்தக் கணக்கு ஹார்வர்டு, ஆக்ஸ்போர்டு எல்லாம் பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன்பே பேரீச்ச மரத்தடியில் எழுதப்பட்டுவிட்டது. அந்தப் பட்டியலில் வழிப்போக்கர் என்று வருகிறதே, வெளிதேசம் போய்ப் படிக்கும் மாணவன் அதில் சேருவான் என்று எங்கள் ஊர் ஹஜ்ரத் சொல்வார்கள்.

கைபர் தூரம் என்றால் டன்லப் தெருவுக்கு வாருங்கள். அப்துல் கபூர் பள்ளிவாசலைக் கட்ட ஏற்பாடு செய்த ஷேக் அப்துல் கபூர் ஒரு வக்கீல் கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா. பெரிய கப்பல் முதலாளி அல்ல. 1907ல் பள்ளிவாசல் நிலத்தைச் சுற்றிக் கடைவீடுகளும் குதிரை லாயங்களும் எழுப்பி, அவற்றின் வருமானத்தைக் கொண்டு பழைய மரப் பள்ளியின் இடத்தில் இப்போது நாம் பார்க்கும் அழகான பள்ளியைக் கட்ட வழி செய்தார்கள். குதிரை போய் எத்தனையோ காலமாயிற்று. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு நாம் ஐந்து வேளையும் உள்ளே நுழைகிறோம்.

இனி நான் சொல்ல வந்த இமாமிடம் வருகிறேன்.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களை மத்ஹபின் தலைவராக எல்லோரும் அறிவோம். அவர்கள் கூஃபா நகரத்தில் பட்டுத் துணி வியாபாரம் செய்தவர்கள் என்பது நம்மில் பாதிப் பேருக்கு நினைவிருக்காது. நம் தொழில், சகோதரர்களே! கடை திறந்து, துணி விரித்து, விலை பேசிய கை அது. ஒரு தடவை பழுதுள்ள துணியைப் பழுதைச் சொல்லிவிட்டு விற்கும்படி தம் கூட்டாளியிடம் கொடுத்தார்கள். அவர் மறதியாகச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியவில்லை. வந்த பணம் முழுவதையும் தருமம் செய்துவிட்டார்கள். (இந்தக் கதையைத் தீபாவளிக் கூட்ட நேரத்தில் நான் நினைத்துப் பார்ப்பதில்லை. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.)

அவர்களுடைய சபையில் யாகூப் என்ற ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். பிற்காலத்தில் அபூயூஸுஃப் என்று உலகம் அழைத்தது அவரைத்தான். பரம ஏழை. சரித்திரத்தில் இது இரண்டு விதமாக வருகிறது. ஒன்றில், விதவைத் தாய் அவரை வெளுப்புக்காரர் ஒருவரிடம் வேலைக்கு விட்டிருக்க, அவர் நழுவி நழுவி இமாமின் சபைக்கு வந்துவிடுவார். தாயார் பின்னாலேயே வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவார். மற்றொன்றில், தகப்பனாரே வந்து மகனிடம் சொல்கிறார்: அபூஹனீஃபாவுடைய அடுப்பில் ரொட்டி வேகிறது, நம் வீட்டில் வேகவில்லை, அவருக்குச் சமமாய் நீ கால் நீட்டி உட்காராதே என்ற கருத்தில். பையனும் கீழ்ப்படிந்து சபைக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒரு மாணவன் வராததை இமாம் கவனித்தார்கள். விசாரித்தார்கள். பையன் மறுபடி வந்தபோது காரணம் கேட்டார்கள். பிழைப்பும் தகப்பன் சொல்லும் என்றான். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் எழுந்து போகும்வரை உட்காரும்படி ஜாடை காட்டினார்கள். எல்லோரும் போன பிறகு ஒரு பையைக் கையில் கொடுத்தார்கள். நூறு திர்ஹம். சபைக்குத் தவறாமல் வரும்படியும், தீர்ந்ததும் தமக்குத் தெரிவிக்கும்படியும் சொன்னார்கள். சில நாள் கழிந்தது. பை தீர்ந்துவிட்டது என்று பையன் சொல்லவே இல்லை. அதற்குள் அடுத்த நூறு வந்துவிட்டது. தீர்ந்த செய்தியை யாரோ முன்கூட்டியே போய்ச் சொல்வதுபோல அது வந்துகொண்டே இருந்தது என்று அபூயூஸுஃபே பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு தடவைகூட அவர் வாய்திறந்து கேட்க நேரவில்லை.

அந்தப் பையன் பின்னாளில் பாக்தாதில் தலைமைக் காஜியாக உட்கார்ந்தார். அந்தப் பதவிப் பெயரே அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக நிலவரி பற்றிய 'கிதாபுல் கராஜ்' என்ற நூலை எழுதினார். ஹனஃபி மத்ஹப் இத்தனை தேசங்களில் பரவியதற்கு அவர் பெரும் காரணம். ஒரு துணிக்கடையின் கல்லாவிலிருந்து போன நூறு நூறு திர்ஹம்!

இன்னும் ஒன்று சொல்கிறார்கள். இமாம் ஒரு பகுதிச் சரக்கை பாக்தாதுக்கு அனுப்பி, அதன் லாபத்தை வருஷக் கணக்கில் தனியே சேர்த்து, அதைக் கொண்டு ஹதீஸ் அறிஞர்களுக்கு உணவும் துணியும் வாங்கிக் கொடுத்து, மீதியைப் பணமாகவும் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கும்போது, இதற்காக அல்லாஹ்வைத் தவிர வேறு யாரையும் புகழ வேண்டாம், இது என் பொருளே அல்ல, உங்களுக்காக அவன் என் கையில் ஓட விட்ட லாபம் என்ற கருத்தில் பேசுவார்கள். கவனியுங்கள்: மீந்ததை அவர்கள் கொடுக்கவில்லை. அந்தச் சரக்கு மூட்டை கட்டும்போதே மாணாக்கருக்கென்று கட்டிய மூட்டை.

வெளிநாடு எதற்கு, இங்கேயே படிக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. சீனதேசம் சென்றாயினும் கல்வி தேடச் சொல்லும் ஹதீஸை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ்கலை வல்லார் சொல்வதால் நான் அதை ஆதாரமாக எடுக்கவில்லை. பலமானது நம்மிடம் இருக்கிறது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு ஹதீஸுக்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பிரயாணம் செய்து ஷாம் தேசத்தில் அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாசலில் போய் நின்றார்கள். மதீனாவில் இல்லாத கல்வியா? அந்த ஒன்று அவர்களிடம் இருந்தது, ஆகவே போனார்கள். ஷாஃபிஈ மத்ஹபுச் சகோதரர்கள் கோபித்துக்கொள்ளாதபடி அவர்களுடைய இமாமையும் சொல்லிவிடுகிறேன். காஸாவில் பிறந்த அநாதைப் பிள்ளை. உஸ்தாதுக்குச் சம்பளம் கொடுக்கத் தாயிடம் காசில்லை. மக்காவில் ஓதி, மதீனா போய் இமாம் மாலிக் அவர்களிடம் படித்தார்கள். இமாம் அபூஹனீஃபா மறைந்த ஹிஜ்ரி 150லேயேதான் அவர்கள் பிறந்தது.

கெய்ரோவில் 972ல் திறக்கப்பட்ட அல் அஸ்ஹர் பள்ளியில் அந்தந்த தேசத்து மாணாக்கருக்கென்று 'ரிவாக்' என்ற தனித்தனித் தங்குமிடங்கள் இருந்தன. மக்ரிபுக்காரர்களுக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, நம் பக்கத்து ஜாவா, மலாய் மக்களுக்கு ஒன்று. வக்ஃபுச் சொத்துகளின் வரவிலிருந்து தினம் ரொட்டி அளக்கப்பட்டது. எங்கேயோ எகிப்தில் ஒரு வியாபாரி வக்ஃபு செய்த வயலின் கோதுமையைத் தின்றுதான் நம் தீவுப்புறத்துப் பிள்ளைகள் ஆலிமாகித் திரும்பினார்கள். அவன் யாரென்று இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் யாரென்று அவனுக்கும் தெரியாது.

மார்க்கக் கல்வி மட்டும்தான் கல்வி என்று நினைப்பவர்களுக்கு நம் ஊர் மனிதர் ஒருவரைக் காட்டுகிறேன். பேராசிரியர் அகமது இப்ராஹீம். (அமைச்சராயிருந்து 1962ல் மறைந்த அகமது இப்ராஹீம் வேறு, இவர் வேறு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 1916ல் சிங்கப்பூரில் பிறந்த இந்திய முஸ்லிம் வம்சத்தவர். 1885ல் ஆங்கிலேய ஆட்சி ஏற்படுத்திய மகாராணியார் உபகாரச் சம்பளத்தை வென்று கேம்பிரிட்ஜ் போய்ச் சட்டம் படித்தார். 1965ல் குடியரசின் முதல் அட்டர்னி ஜெனரல் ஆனார். 1966ல் நிறைவேறிய முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தை உருவாக்கியவர் அவரே. அச்சட்டத்தின்படிதான் 1968ல் முயிஸ் மன்றம் வந்தது. இன்று நம் பிள்ளைகளின் நிக்காஹ், நம் வக்ஃபு, ஜகாத்து எல்லாம் அந்தச் சட்டத்தின் நிழலில் நடக்கின்றன. இங்கிலாந்து கிரீடத்தின் பணம் நம் நிக்காஹ் புத்தகத்துக்கு வேலை செய்திருக்கிறது, பார்த்தீர்களா!

நான் பேசிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், நாற்பது வருஷம் கடை நடத்தியவர், கையைத் தூக்கினார். "தம்பி, எல்லாம் சரி. படிச்சுட்டு அங்கேயே தங்கிட்டான்னா? நம்ம காசு யாருக்கோ போச்சே" என்றார். நியாயமான கேள்வி. கடைக்காரன் கேட்க வேண்டிய கேள்விதான். நான் சொன்ன பதில்: பேராசிரியர் அகமது இப்ராஹீமும் இங்கே கடைசிவரை இருக்கவில்லை. மலேசியா போய், 1983ல் தொடங்கிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறையை உருவாக்கி, 1999ல் மறையும்வரை அங்கேயே பணியாற்றினார். அந்தத் துறைக்கு இன்று அவர் பெயர். நமக்கு நஷ்டம் என்று யாராவது கணக்கெழுத முடியுமா? பெரியவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டாரா என்பது தெரியவில்லை. "பாண்டு எழுதி வாங்கிக்கலாம்ல?" என்று மட்டும் மறுபடி கேட்டார். பதினெட்டு வயசுப் பிள்ளையிடம் கடன் பத்திரம் வாங்கிக்கொண்டு அதற்கு மர்ஹூமின் பெயரை வைப்பது எனக்குச் சம்மதமில்லை. சபையில் இதற்கு இரண்டு பட்சமும் உண்டு. தீர்மானத்தைக் கமிட்டி செய்யட்டும்.

இனி என் கதை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பையனுக்கு கெய்ரோவில் படிக்க இடம் கிடைத்தது. தகப்பனார் இல்லை. தாயார் ஒரு உணவுக்கடையில் பாத்திரம் கழுவுகிறவர். நாங்கள் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மூவாயிரம் வெள்ளி திரட்டினோம். திரட்டியதில் முன்னால் நின்றவன் நான். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு விருந்து வைத்து, மேடை போட்டு, ஆள் உயரத்துக்கு அட்டையில் காசோலை எழுதி, பையனை மேடைக்கு அழைத்தேன். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அவனுடைய தகப்பனார் எப்படி இறந்தார், தாயார் என்ன வேலை செய்கிறார், வீட்டில் எத்தனை பேர் என்பதையெல்லாம் சபைக்குச் சொன்னேன். உருக்கமாகப் பேசினதாக எல்லோரும் கைகொடுத்தார்கள். தாயார் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். புடவை முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. போட்டோ அன்று இரவே எல்லோருடைய வாட்ஸப்பிலும் போய்விட்டது. நானும் அனுப்பினேன். நடுவில் நான், பக்கத்தில் அட்டை, அட்டைக்குப் பின்னால் பையன்.

அடுத்த வருஷம் விண்ணப்பம் அனுப்பச் சொல்லி ஆள் விட்டேன். வரவில்லை. மறுபடி சொல்லி அனுப்பினேன், வரவில்லை. 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி கிடையாது' என்று என் கடையில் உட்கார்ந்து நாலு பேரிடம் பேசினேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

ஒரு நாள் அந்தத் தாயார் ஏதோ கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கடைக்கு வந்தார். மகன் எப்படி என்றேன். விடுமுறைக்கு வந்திருக்கிறான், சாங்கி பக்கம் ஒரு கிடங்கில் இராத்திரி வேலை, பெட்டி அடுக்குகிறான், போகிறவரை சேர்த்தால் ஒரு வருஷ வாடகை வரும் என்றார். "ஏம்மா, நாங்கள் இருக்கிறோமே" என்றேன். துணியைப் பார்த்தபடியே சொன்னார்: "பாய், தப்பா நினைக்காதீங்க. உதவி வேணாம்னு அவன் சொல்லலே. அந்த மேடையிலே இன்னொரு தடவை ஏற மாட்டேன்கிறான். என்னையும் கூட்டிட்டுப் போக மாட்டானாம்."

நான் மீட்டரைத் தப்பாக அளந்துவிட்டேன். திரும்ப அளந்தேன்.

தருமம் செய்துவிட்டுச் சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் அதைப் பாழாக்கிவிடாதீர்கள் என்று அல்பகறா சூராவில் அல்லாஹு தஆலா எச்சரிக்கிறான். மேலே லேசாக மண் படிந்த வழுக்குப்பாறையை உவமை சொல்கிறான். ஒரு மழை அடித்ததும் பாறை மொட்டையாகிவிடும். அதே சூராவில் சற்று தள்ளி, மானத்தால் கேட்காமல் இருப்பவர்களைப் பற்றிச் சொல்கிறான். விஷயம் அறியாதவன் அவர்களைப் பார்த்து வசதியுள்ளவர்கள் என்றே நினைத்துக்கொள்வான் என்பது கருத்து. இந்த ஆயத்துகளை நான் மதரஸாவில் மனப்பாடம் செய்தவன். பொருளும் தெரியும். என்ன பிரயோசனம்?

அந்தப் பையனைத் தேடிப் போனேன். இஷா முடிந்து வெளியே வருகையில் பிடித்து, தம்பி, நான் செய்தது தப்பு என்றேன். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "பரவாயில்லை மாமா. நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு, கிடங்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான்.

அவனிடமிருந்தும், அவனைப்போல் போய் வந்த இன்னும் இரண்டு மூன்று பேரிடமிருந்தும், வெளிதேசத்தில் படிக்கிற பிள்ளைக்கு எது எப்போது தேவைப்படுகிறது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். நாம் கொடுக்கும் காலம் வேறு, அவர்களுக்குத் தட்டுப்படும் காலம் வேறு. நாம் விருந்து வைக்கும் மாதத்தில் கொடுக்கிறோம். அவர்களுக்கு முதல் மாதத்தில் வீட்டு முன்பணம், விசா, புத்தகம், குளிருக்குக் கனத்த உடுப்பு என்று ஒரே மூச்சில் போகும். கெய்ரோவில் குளிரா என்று நானும்தான் சிரித்தேன். ஜனவரியில் ஒரு தடவை போய்ப் பார்த்தால் சிரிப்பு நிற்கும். நாணயமாற்று வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை: 2016 நவம்பருக்கு முன் ஓர் அமெரிக்க வெள்ளிக்கு எட்டு ஒன்பது எகிப்து பவுண்டு என்றிருந்தது, 2024 மார்ச்சில் மறுபடி விலையை அவிழ்த்துவிட்ட பின் ஐம்பதுக்குப் பக்கம் போயிற்று. வெள்ளியாகக் கையில் வந்தவனுக்குச் சில மாதம் கொண்டாட்டம். பிறகு ரொட்டியும் வாடகையும் பின்னாலேயே ஏறிவந்தன. போகும் முன்பே எல்லாவற்றையும் பவுண்டாக மாற்றி வைத்துக்கொண்ட பையனுடைய நிலைமையை யோசியுங்கள். ஆகவே ஒரே மொத்தமாக அட்டையில் எழுதிக் கொடுப்பதைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெள்ளியாகவே அனுப்புவது மேல்.

திடீர்ச் செலவு வேறு. 2011ல் எகிப்தில் கிளர்ச்சி வெடித்தபோது நம் மாணவர்களை அரசாங்கம் விமானம் ஏற்றி அழைத்து வந்தது. 2020 மார்ச்சில் கோவிட் நோய் பரவியபோது உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் அவசரமாகத் திரும்பினார்கள். அறையில் விட்டுவந்த சாமான், கட்டிய வாடகை, திரும்பப் போகும் டிக்கெட் எல்லாம் யார் கணக்கு? பெரிய உபகாரச் சம்பளங்களில் இதற்கெல்லாம் விதி இருக்கும். சின்ன நிதி ஏற்படுத்தும் நாம் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைக்க வேண்டும். வட்டி வராத இடத்தில் வைப்பதைப் பற்றியும், ஜகாத்துப் பணத்தை இதில் கலக்கலாமா என்பதைப் பற்றியும் உஸ்தாதுமார்களிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அதில் என் வார்த்தையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. யோசனைப் பேப்பரில் 'மாணவன்' என்றே எழுதியிருக்கிறார்கள். என் கடையில் கணக்கு எழுதுகிற பெண் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். திருத்தி 'மாணவர்' என்று எழுதும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் பேசி முடித்தபின் ஊரிலிருந்து என் தம்பி போன் செய்தான். அத்தாவின் ஆண்டு நினைவு நெருங்குகிறது. வழக்கம்போல் எத்தனை சட்டி சோறு என்று கேட்டான். இந்த வருஷம் பாதிச் சட்டி, மீதியை இங்கே நிதியில் போடுகிறேன் என்றேன். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் வாதாடினான். "சரிண்ணே, அத்தா பேரையாவது போடுவாங்களா?" என்றான். அத்தா பெயர் இருக்கும், வாங்குகிற பிள்ளையின் பெயர் மட்டும் எங்கேயும் இருக்காது என்று சொன்னேன். அவனுக்குத் திருப்தியா இல்லையா தெரியவில்லை. ஹயாத்தோடு இருக்கும்போது அத்தா கல்லாவில் கை வைத்தால் எதிரே இருப்பவன் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கொடுப்பார் என்று அவன்தான் ஞாபகப்படுத்தினான்.

என் பங்கில் முதல் தொகை போய்விட்டது. யாருக்குப் போகிறது என்பது செயலாளருக்கும் பள்ளி இமாமுக்கும் மட்டும் தெரியும். நான் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். விடுமுறைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் சிலர் ஜும்ஆவுக்குப் பின் கடைப் பக்கம் வருகிறார்கள். சட்டைத் துணி பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், சிலர் வாங்காமலும் போகிறார்கள். துணியை விரிக்கும்போது நான் ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை.